பழைய காரின் எச்சரிக்கை லைட்டும் ஒழுக்கும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன் பக்கம் சின்ன கராஜ் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடையில் இருந்த ஐந்து வருடமும் ஒரே கார்கள் கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் இன்று இங்கே விலைக்கு வருகிற கார்களில் பல, பத்துப் பதினைந்து வருடம் பழையவை. ஆசிரியர் வேலை கிடைத்த பிள்ளைகளும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்துச் சேர்த்த தம்பிமாரும் அந்தக் காசை அப்படியே கொண்டுபோய் ஒரு காரில் போடுகிறார்கள். வாங்கிய மறுமாதம் ஹெட் கேஸ்கட் (என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு) போய் வந்து நிற்கும்போது பார்க்க மனசு தாங்காது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கார் பார்க்கப் போகிறேன். எச்சரிக்கை லைட் விஷயத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை 'ஓன்' வரை மட்டும் திருப்பி நிறுத்துங்கள். பட்டன் ஸ்டார்ட் என்றால் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்த வேண்டும். இப்போது மீட்டரில் செக் என்ஜின், ஒயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் என்று ஒரு வரிசையே எரியும். எரிய வேண்டும். பல்புகள் உயிரோடு இருக்கின்றன என்று கார் காட்டுகிற நேரம் அதுதான். ஏபிஎஸ், ஏர்பேக் இரண்டும் சில விநாடிகளில் தானாக அணையும். செக் என்ஜினும் ஒயிலும் பேட்டரியும் என்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் அணையும்.

வாங்க வருகிறவர்கள் எல்லோரும் 'ஏதாவது லைட் எரிகிறதா' என்று பார்க்கிறார்கள். எரிய வேண்டிய லைட் எரியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறவர் குறைவு. போன வருடம் ஒரு கார் வந்தது. சாவியைத் திருப்பினால் எல்லாம் எரிகிறது, செக் என்ஜின் மட்டும் இல்லை. மீட்டரைக் கழற்றினோம். அந்த என்ஜின் படத்துக்குப் பின்னால், சுண்டு விரல் நகம் அளவுக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அழகாகச் சதுரமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். டேப்பை உரித்ததும் லைட் பளிச்சென்று எரிந்தது. அந்தப் பிள்ளை கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு வேலையும் நடக்கிறது. செக் என்ஜின் பல்பின் வயரை ஒயில் லைட்டோடு சேர்த்துவிடுவார்கள். சாவி போட்டதும் இரண்டும் எரியும், ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒரே நொடியில் சேர்ந்து அணையும். சாதாரணமாக இவை கொஞ்சம் முன்பின்னாக அணையும். ஒன்றாகப் பிறந்த மாதிரி அணைந்தால் சந்தேகப்படுங்கள், அப்புறம் காரின் கணினியைப் படிக்கிற கருவியான ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள்.

செக் என்ஜின் லைட் மஞ்சளில் எரிகிறது, கார் நன்றாகத்தான் ஓடுகிறது. ஓட்டலாமா?

நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கோ கராஜுக்கோ போகலாம். ஆனால் ஒரு வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் அப்படியே வெளியே போகிறது. அந்தப் பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தப்படுத்துகிற கெட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் உருக்கிவிடும். பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கையோ அதற்கு மின்சாரம் கொடுக்கிற கொயிலையோ மாற்றினால் முடிகிற சின்னச் செலவு, கன்வேர்ட்டர் வரை போய்விட்டால் பெரிய செலவாகிவிடும்.

மலையில் இது ஏற்றத்தில்தான் முதலில் தெரியும். தலவாக்கலை தாண்டி நுவரெலியா பக்கம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கார் குலுங்கும், லைட் மின்னும். சமதரையில் வந்தால் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். கொயில் பலவீனமாக இருந்தால் சுமை ஏறும்போதுதான் அது கைவிடும். அதனால் 'டவுனுக்குள்ள ஓட்டிப் பார்த்தேன், நல்லா இருந்துச்சு' என்பது ஒரு சோதனையே இல்லை.

ஸ்கேன் பண்ணினோம், ஒரு கோடும் இல்லை. அப்போ கார் சுத்தம்தானே?

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'கோடு' என்பது சந்தேகம் வந்ததும் காரின் கணினி குறித்து வைக்கிற குறியீட்டு எண். அதை அழிக்க ஸ்கேனரில் ஒரு பட்டன் போதும். பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பூட்டினாலே பல கார்களில் அழிந்துவிடும். காலையில் அழித்துவிட்டு மத்தியானம் உங்களுக்குக் காட்டினால் ஸ்கேனர் என்ன சொல்லும்? ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லும்.

ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லுங்கள். காரின் கணினி ஒக்சிஜன் சென்சார், கன்வேர்ட்டர், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆர் என்று ஒவ்வொரு பகுதியையும் ஓட ஓடத் தானே பரிசோதித்து முடித்தது, முடிக்காதது என்று குறித்து வைக்கும். கோடை அழித்தால் அந்தக் குறிப்பும் அழிந்து முதலில் இருந்து தொடங்கும். மறுபடி எல்லாம் முடிய, குளிரிலிருந்து ஸ்டார்ட் செய்த சில ஓட்டங்கள், சில நேரம் சில நாட்களே தேவைப்படும். அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் 'முடிக்கவில்லை' என்று இருந்தால், அண்மையில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றும் பல கார்களில் பார்க்கலாம். 'மூன்று மாதமா ஒரு பிரச்சினையும் இல்லை' என்கிறவரின் காரில் அந்த எண் 12 என்று நின்றால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பேட்டரி கழற்றியதற்கு இன்னொரு அடையாளம்: மணிக்கூடு பிழையாக இருக்கும், ரேடியோவில் சேமித்த ஸ்டேஷன்கள் போயிருக்கும்.

சொந்தமாக ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள சொக்கெட்டில் குத்தி, போனில் பார்க்கலாம். 2000 வாக்கில் வந்த பழைய ஜப்பான் கார்கள் சிலவற்றில் சொக்கெட் இருந்தாலும் இந்த மலிவுக் கருவியோடு பேசாது. அவற்றுக்கு கராஜ் ஸ்கேனர்தான் வேண்டும்.

எந்தக் கோடு வந்தால் பயப்பட வேண்டும்?

கோடு பழுதின் பெயர் அல்ல. கணினிக்கு எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. பி 0300 முதல் பி 0304 வரை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும், 0 என்றால் ஒரு சிலிண்டரோடு நிற்கவில்லை. அந்தச் சிலிண்டரின் கொயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, கோடும் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் கொயில்தான், ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும். பி 0171 வந்தால் காற்று எங்கோ களவாக உள்ளே போகிறது, அல்லது காற்று அளக்கும் சென்சார் அழுக்கு. பி 0420 கன்வேர்ட்டர். இதற்கு உடனே கன்வேர்ட்டரை மாற்றச் சொல்கிறவரிடம், சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா, ஒக்சிஜன் சென்சார் சரியா என்று பார்த்தாரா எனக் கேளுங்கள். பி 0128 மலையில் அடிக்கடி வரும். என்ஜின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரைத் திறந்து மூடுகிற தர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கும்.

அண்ணே, வளைவுல திரும்பும்போது மட்டும் சிவப்பு ஒயில் லைட் ஒரு தடவை மின்னிட்டுப் போகுது. சென்சர் பழுதா?

சென்சர் என்று சொல்லி விடாதீர்கள். உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள்.

ஒயில் லைட் அளவைக் காட்டுகிற லைட் இல்லை, அழுத்தத்தைக் காட்டுகிற லைட். என்ஜினுக்கு அடியில் ஒயில் நிற்கிற சம்ப்பில் ஒயில் குறைந்திருந்தால், இறம்பொடை மாதிரி கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது இருக்கிற ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாய் ஒரு நொடி காற்றை இழுக்கும். அந்த ஒரு நொடிதான் லைட் மின்னுகிறது. அந்த நொடியில் பேரிங்குகளுக்குப் போகிற ஒயில் நின்றிருக்கும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் இதே கதைதான். கொழும்பில் இதே அளவு ஒயிலோடு மாதக்கணக்கில் லைட் வராமல் ஓடும். மலைதான் காட்டிக்கொடுக்கிறது.

ஐந்து நிமிடம் பொறுத்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். சமதரையில் பார்க்க வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிற விதி. நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? வீட்டு வாசலே சரிவாக இருக்கும். பெட்ரோல் செட்டிலோ பாடசாலை மைதானத்திலோ நிறுத்திப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையில் பெரும்பாலான சின்னக் கார்களுக்கு ஒரு லீட்டருக்குக் கிட்ட வரும். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் ஓட்டாதீர்கள், லொறியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

காலையில் நீல நிற லைட் ரொம்ப நேரம் எரிகிறது. பழுதா?

டெம்பரேச்சர் முள் இல்லாத கார்களில் நீலம் என்றால் என்ஜின் இன்னும் குளிர், சிவப்பு என்றால் கொதிக்கிறது. நுவரெலியா, கந்தப்பளை பக்கம் ஜனவரி விடியலில் புல்லில் வெண்பனி பூத்திருக்கிற நேரம் நீலம் ஐந்தாறு நிமிடம் நிற்பது இயல்பு. கால் மணி நேரம் ஓடியும் போகாவிட்டால், அல்லது இறக்கத்தில் இறங்கும்போது அணைந்த நீலம் மறுபடி எரிந்தால், மேலே சொன்ன தர்மோஸ்டாட்தான். 'குளிரா இருந்தா நல்லதுதானே' என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். என்ஜின் சூடாகாவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஒயிலில் ஈரம் சேரும்.

கொழும்பில் ஓடும்போது ஒன்றும் இல்லை, நானுஓயா ஏறினால் தண்ணீர் கொதிக்கிறது. ஏன்?

தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போக, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மேலே பருப்பு வேக நேரம் எடுப்பதும் இதனால்தான். என்ஜின் சாதாரணமாக ஓடுகிற சூடே எண்பதுகளின் கடைசி, தொண்ணூறுகள். பல கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்குவதும் தொண்ணூறுகளின் நடுவில்தான்.

அப்படியானால் எல்லாக் காரும் கொதிக்க வேண்டுமே? கொதிக்காமல் வைத்திருப்பது ரேடியேட்டர் மூடி. அதில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்து, கொதிநிலையை இருபது டிகிரிக்குக் கிட்ட உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. கொழும்பில் தப்பித்துக்கொள்ளும், மேலே வந்ததும் மாட்டிக்கொள்ளும். பல பேர் ரேடியேட்டரையே மாற்றிய பிறகு எங்களிடம் வந்திருக்கிறார்கள். மூடியை மாற்றியதும் சரியாகிப் போனது.

மூடி நன்றாக இருந்தால் அடுத்தது ஃபேன், பிறகு தண்ணீர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர். வழியில் கொதித்தால் ரோட்டோர ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து உடனே ஊற்றாதீர்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடான ஹெட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கும். அரை மணி நேரமாவது பொறுங்கள். ஆறிய பிறகு அந்தத் தண்ணீரை ஊற்றி ஊர் வந்து சேர்ந்தால், மறுநாளே அதை வடித்துவிட்டு கூலன்ட் போடுங்கள். வெறும் தண்ணீரோடு வருடக்கணக்கில் ஓடிய என்ஜினின் ரேடியேட்டரைத் திறந்தால் துருப்பிடித்த செம்மண் சேறு மாதிரி இருக்கும். பழைய கார் பார்க்கும்போது, என்ஜின் குளிர்ந்திருக்கையில் அந்த மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது அந்த நிறத்திலேயே தெரியும்.

காலையில் வெள்ளைப் புகை வருகிறது. ஒயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டதா?

இது மலையகத்தின் தனிக் கேள்வி. கொழும்பு பாஸ்மார் சொல்கிற பதிலை அப்படியே இங்கே எடுத்தால் நல்ல காரை வேண்டாம் என்று விடுவீர்கள், அல்லது தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்றுவீர்கள்.

எட்டுப் பத்து டிகிரிக் குளிரில் எந்தக் காரிலும் வெள்ளை ஆவி வரும். நம் வாயிலிருந்தே வருகிறதே. என்ஜின் சூடானதும் அது போய்விட வேண்டும். அப்புறமும் கட்டியாக வெள்ளைப் புகை வந்து, இனிப்பான ஒரு வாசனையும் அடித்தால் கூலன்ட் எரிகிறது.

அந்த வெண்ணெய் விஷயம். தினமும் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பாடசாலைக்கு மட்டும் ஓட்டுகிற ஆசிரியை ஒருவர் அழாத குறையாக வந்தார். மூடியைத் திறந்து பார்த்த யாரோ ஹெட் கேஸ்கட் என்று சொல்லியிருக்கிறார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் மெல்லிதாக மஞ்சள் கலந்த வெள்ளைப் படலம். டிப்ஸ்டிக்கை எடுத்தால் ஒயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. ரிசர்வ் டேங்க்கில் கூலன்ட் கோட்டில் நிற்கிறது. மூடியைத் துடைத்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கித்துல்கல வரை போய் வாருங்கள் என்றேன். போய் வந்து மூடியைத் திறந்தார், சுத்தமாக இருந்தது. குளிரில் என்ஜினுக்குள் சேருகிற ஈரம், குட்டி ஓட்டங்களில் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காமல் மூடியில் படிந்து ஒயிலோடு கலந்திருக்கிறது. அவ்வளவுதான்.

டிப்ஸ்டிக்கிலும் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் அது நிஜப் பழுது. கூலன்ட் வாரத்துக்கு வாரம் குறைந்து வெளியே எங்கும் ஒழுக்கு தெரியாவிட்டாலும் அப்படித்தான். இன்னொரு சோதனை: குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் சில குமிழிகள் வருவது பரவாயில்லை. நிற்காமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. சூடாவதற்குள் மூடியைப் போட்டுவிடுங்கள்.

நீலப் புகை?

ஒயில் எரிகிறது. இதைக் கண்டுபிடிக்க நம் மலையை விட நல்ல கருவி இல்லை. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே இறங்குங்கள். அப்போது என்ஜினுக்குள் உறிஞ்சும் இழுவை கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியாக ஒயிலை உள்ளே இழுக்கும். இறக்கம் முடிந்ததும் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்து, பின்னால் வருகிற நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமாக ஒரு கொத்துப் புகை வந்து நின்றால் வால்வு சீல். ஏற்றத்தில் முழுக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங். முதலாவது தாங்கக்கூடிய செலவு, இரண்டாவது என்ஜினைப் பிரிக்கிற செலவு.

காருக்கு அடியில் ஈரம். என்ன ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் ஒரு பெரிய கார்ட்போர்ட் பெட்டி வாங்கி விரித்து, இரவு முழுக்க என்ஜினுக்கு அடியில் போட்டு வையுங்கள். முன்பக்கம் எது என்று அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் நிறம், இடம், அளவு மூன்றும் தெரியும்.

கறுப்பு அல்லது பழுப்பாக, விரலில் வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஒயில். சிவப்பாக, வழுவழுப்பாக இருந்தால் ஆட்டோ கியர் ஒயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஒயில். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம், ஒட்டுகிற மாதிரி, இனிப்பு வாசனை: கூலன்ட். ஆனால் சிவிடி என்ற ஆட்டோ கியர் வகையின் ஒயிலும் சில கார்களில் பச்சையாக இருக்கும், அதனால் நிறத்தோடு நிறுத்தாமல் தொட்டுப் பாருங்கள். கூலன்ட் தண்ணீர் மாதிரி ஓடும், ஒயில் விரலில் நிற்கும். டயரின் உள்பக்கம் ஈரமாக, மஞ்சள் கலந்த தெளிவான திரவம் இருந்தால் பிரேக் ஒயில், அந்தக் காரை ஓட்டவே கூடாது.

வெறும் தண்ணீர் என்றால் ஏசி தண்ணீர் என்று எல்லோரும் சொல்வார்கள். கீழ் நாட்டில் சரி. நுவரெலியாவில் ஏசி போட்டு ஓட்டுகிறவர் எத்தனை பேர்? கண்ணாடியில் படிகிற ஆவியைப் போக்க ஏசி போட்டிருந்தால், இடது பக்கம் பயணி காலுக்கு அடியில் சொட்டும், அது கணக்கில் சேராது. ஏசியே போடாத நாளில் தெளிவான தண்ணீர் சொட்டினால், யாரோ ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் பச்சைத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், அது ஒழுகுகிறது என்றும் இருக்கலாம். ரிசர்வ் டேங்க்கைப் பாருங்கள்.

என்ஜின் புதிது மாதிரி மின்னுகிறது. நல்ல அறிகுறிதானே?

இல்லை. பதினைந்து வருடக் காரின் என்ஜினில் மெல்லிய தூசி ஒரே சீராகப் படிந்திருந்தால் எனக்கு நிம்மதி. கழுவித் துடைத்து பளபளவென்று இருந்தால், எந்த ஒழுக்கைத் துடைத்தார்கள் என்று தேடத் தொடங்குவேன். என்ஜினின் மேல் மூடியான டெப்பட் கவர் ஓரத்திலும் சம்ப் ஓரத்திலும் சிவப்பு, சாம்பல் நிற சிலிக்கன் புதிதாகப் பிதுங்கி நிற்கிறதா பாருங்கள். பேக்கிங் மாற்றாமல் மேலால் பூசியிருக்கிறார்கள். கழுவிய காரை அரை மணி நேரம் ஏற்றத்தில் ஓட்டி வந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், ஒழுக்கு தன் இடத்தைத் தானே காட்டும்.

எந்த ஒழுக்கை விலை குறைத்துக்கொண்டு வாங்கலாம்?

டெப்பட் கவர் பேக்கிங், சம்ப் நட், ரேடியேட்டர் குழாய் எல்லாம் சின்ன வேலை. விலை பேச உதவும், காரை விடத் தேவையில்லை. என்ஜினும் கியர் பெட்டியும் சேருகிற இடத்தில் சொட்டினால், பின் ஒயில் சீலுக்காகக் கியர் பெட்டியை இறக்க வேண்டும். சீல் மலிவு, கூலி மலிவில்லை. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கூலன்ட் கசிந்து காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கைப் பிரேக்கை இறக்கிய பிறகும் சிவப்பு பிரேக் லைட் மின்னுகிறது.

மற்ற எல்லாப் பதிலையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதலில் வளைவில் மட்டும் மின்னும், டேங்க்கில் பிரேக் ஒயில் குறைந்து ஒரு பக்கம் ஒதுங்குவதால். பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், எங்காவது ஒழுகினாலும் இறங்கும். ஊற்றி நிரப்பிவிட்டால் லைட் அணையும், காரணம் அப்படியே இருக்கும். நாலு சில்லையும் கழற்றிப் பார்க்காமல் ஊற்றாதீர்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அதற்கான எல்லை 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. பனியும் மழையுமாக இருக்கிற நம் ஊரில் வருடக்கணக்கில் மாற்றாத ஒயிலோடு, ரதல்ல குறுக்கு வீதியிலோ எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், சில்லின் சூட்டில் ஒயில் கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோ என்றால் 'எல்' அல்லது 'எஸ்', டொயோட்டா ஹைபிரிட் என்றால் 'பி'. பெடல் மெதுவாகிறது என்று தோன்றியதும் நிறுத்தி ஆற விடுங்கள். மஞ்சள் ஏபிஎஸ் லைட் மட்டும் என்றால் சாதாரணப் பிரேக் வேலை செய்யும், ஆனால் மழையில் மிகக் கவனம்.

பேட்டரி லைட்?

பேட்டரியை மாற்றாதீர்கள், சார்ஜ் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். போனட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா பாருங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது. பேட்டரி லைட்டோடு டெம்பரேச்சரும் ஏறினால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்துங்கள்.

ஹைபிரிட் கார் மலைக்கு ஒத்துவருமா? இறக்கத்தில் என்ஜின் தானாகச் சத்தம் போடுகிறதே?

நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிடும். அதற்கு மேல் சார்ஜ் ஏற்ற முடியாமல், வேகத்தைப் பிடிக்க என்ஜினைச் சுற்றவைக்கிறது. பிரியஸ், அக்குவா இரண்டிலும் இது இயல்பு.

கவனிக்க வேண்டியவை வேறு. மூன்றாம் தலைமுறை பிரியஸில் ஈஜிஆர் பாதையில் கரி அடைத்து, நாளடைவில் ஹெட் கேஸ்கட்டைப் பாதிப்பது தெரிந்த விஷயம். குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகும்போது கல்லை ஏற்றி உலுக்குகிற மாதிரி சில விநாடி குலுங்கினால் அதுதான் தொடக்க அடையாளம். அதனால் பிரியஸைக் காலையில், விற்பவர் அதை ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். பி 0ஏ80 என்ற கோடு வந்தால் ஹைபிரிட் பேட்டரி. இன்வேர்ட்டருக்குத் தனியாக ஒரு சின்ன கூலன்ட் டேங்க் இருக்கிறது, அதையும் திறந்து பாருங்கள், பல பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஹொண்டா ஃபிட் ஜிபி5, வெசல் ஹைபிரிட் கார்களில் இரட்டை கிளச் கியர் பெட்டி. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா ஏற்றத்தில் வாகன வரிசையோடு ஊர்ந்தால் கிளச் சூடாகி எச்சரிக்கை வரும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரால் காரைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கால் பிடியுங்கள், முன் கார் நாலு அடி நகர்ந்த பிறகு நகருங்கள்.

டீசல் வேன்?

சுருள் கம்பி மாதிரி மஞ்சள் லைட் அணையும் வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள், குளிரில் இது முக்கியம். பழைய டொயோட்டா டீசலில் 'டி பெல்ட்' லைட் ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டி எரியும். டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறது. பெல்ட் மாற்றாமல் லைட்டை மட்டும் அணைத்து விற்பார்கள். மாற்றிய பில் கேளுங்கள்.

புகைச் சோதனை பாஸ் என்று பத்திரம் காட்டுகிறார்கள்.

அது வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கத் தேவையான சோதனை. புகையை அளக்கிறது. ஹெட் கேஸ்கட்டையோ கியர் பெட்டியையோ பற்றி எதுவும் சொல்லாது.

அப்போ எங்கே, எப்படி ஓட்டிப் பார்ப்பது?

முதல் நாளே விற்பவரிடம் சொல்லி வையுங்கள்: காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள், வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்திருந்தால் லைட் வரிசை, ஒயில், கூலன்ட், அப்புறம் ஸ்டார்ட், புகை.

பிறகு ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதை. ஹட்டன்காரர் கினிகத்தேனை இறங்கி ஏறுங்கள். நுவரெலியாக்காரர் இறம்பொடை வரை. அப்புத்தளை, பண்டாரவளைக்காரருக்கு பெரகலை இறக்கம் போதும். தனியாகப் போகாதீர்கள், நாலு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், சுமை வேண்டும். ரேடியோவை நிறுத்தி வையுங்கள். திரும்பி வந்து என்ஜினை ஓடவிட்டபடியே அட்டையை அடியில் தள்ளுங்கள். ஃபேன் ஒரு தடவை சுற்றி நிற்கும் வரை காத்திருங்கள். அப்புறம் என்ஜினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.